பிரசவச் செலவுக்குச் செல்போன் சேமிப்பு: ஆப் தேவையா?

கேள்வி: தான்சானியாவில் ஒரு கிராமப்புறச் சுகாதார நிலையத்துக்கு எங்கள் சிறு அறக்கட்டளை உதவி வருகிறது. கர்ப்பிணிகள் பிரசவச் செலவுக்குச் சிறுகச் சிறுகச் சேமிக்கவும், நாங்கள் அதில் பணம் போடவும் ஒரு ஆப் செய்து தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. எங்கள் கையிருப்பில் பாதி அதற்கே போய்விடும். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பாதிப் பணத்தில் ஆப் செய்தால், மீதிப் பணம் அதை ஓட்டுவதிலேயே கரைந்துவிடும். சர்வர் வாடகை, எஸ்எம்எஸ் கட்டணம், பழுதுபார்ப்பு என்று மாதாமாதம் செலவு வரும். 2012-இல் உகாண்டாவின் சுகாதார அமைச்சகம் புதிய செல்போன் மருத்துவத் திட்டங்களையே நிறுத்தி வைத்தது. ஆளாளுக்கு ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். எதுவும் எதோடும் இணையவில்லை.

தொழில்நுட்பத்தை விடுங்கள். அந்தப் பெண்களுக்குப் பணம் எந்த இடத்தில் தட்டுப்பாடாகிறது? அரசு நிலையங்களில் பிரசவத்துக்குக் கட்டணம் கிடையாது என்பதுதான் தான்சானியாவின் கொள்கை. ஆனாலும் கையுறை முதற்கொண்டு வாங்கி வரச் சொல்வது நடக்கிறது. வண்டிக்கூலி வேறு. உங்கள் நிலையத்தில் அண்மையில் பிரசவித்த சிலரிடம் எதற்கு எவ்வளவு ஆனது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வண்டிக்கூலிதான் சிக்கல் என்றால் அந்த நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. தார் எஸ் சலாமில் உள்ள சிசிபிஆர்டி மருத்துவமனை, நீண்ட பிரசவ வலியால் ஏற்படும் ஃபிஸ்டுலா (சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிக் கசியவைக்கும் துளை) பாதிப்புக்கு இலவச அறுவை சிகிச்சை செய்கிறது. இலவசமாக இருந்தும் பஸ் கட்டணத்துக்கு வழியில்லாமல் பெண்கள் வராமல் இருந்தார்கள். 2009 வாக்கில் மருத்துவமனை ஒரு வழி கண்டது. ஊரில் இருக்கும் தன்னார்வலர் நோயாளியைப் பற்றித் தகவல் சொல்வார். எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை வழியாகக் கட்டணம் அவருடைய போனுக்குப் போகும். அவர் அதை எடுத்து, டிக்கெட் வாங்கி, அந்தப் பெண்ணைப் பஸ் ஏற்றிவிடுவார். நோயாளி வந்து சேர்ந்த பிறகுதான் தன்னார்வலருக்கு ஊக்கத்தொகை. பட்டன் போன் போதும், புதிய மென்பொருள் ஒன்றும் தேவைப்படவில்லை. இதில் எனக்குப் பிடித்ததே அந்த ஊக்கத்தொகை விதிதான். பணம் வழியில் கரையாமல் பார்த்துக்கொள்ள அதைவிட எளிய ஏற்பாடு இல்லை.

சேமிப்புதான் வேண்டும் என்றாலும் சரி, முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். கென்யாவில் 2016-இல் தொடங்கிய எம்-டிபா, மருத்துவத்துக்கு மட்டுமே செலவழிக்க முடிகிற செல்போன் பணப்பை. தூரத்தில் இருக்கும் உறவினரும் அதில் பணம் போடலாம். ஒப்பந்தத்தில் உள்ள மருத்துவமனையில்தான் எடுக்க முடியும். நீங்கள் செய்ய நினைப்பதும் இதையேதான். ஆனால் அதன் பின்னால் சஃபாரிகாம் போன்ற பெரிய தொலைபேசி நிறுவனமும், ஒவ்வொரு மருத்துவமனையோடும் கணக்குத் தீர்க்க ஆட்களும் இருந்தார்கள்.

உங்கள் அளவுக்கு, ஏற்கெனவே உள்ள மொபைல் பணக் கணக்குகளையே பயன்படுத்துங்கள். கமிஷனை மட்டும் முதலிலேயே கணக்குப் போடுங்கள். சிறு தொகையை அடிக்கடி அனுப்பினால் கட்டணமே அதைத் தின்றுவிடும். 2021 ஜூலையில் தான்சானிய அரசு மொபைல் பணப் பரிமாற்றத்துக்கு வரி போட்டது. மக்கள் கொதித்ததும் சில வாரங்களிலேயே 30 சதவீதம் குறைத்தது. அரசு விதி மாறினால் உங்கள் கணக்கும் மாறும் என்பதால் கொஞ்சம் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சிம் யார் பெயரில் இருக்கிறது? பதிவு மேசையில் பெண் நிற்பார்; உறுதிப்படுத்தும் எண்ணோ வயலில் இருக்கும் கணவரின் போனுக்குப் போகும். அவர் எடுக்கவில்லை என்றால் பணம் இருந்தும் பயனில்லை. அதற்காக நிலையத்தில் காகிதப் பேரேடு ஒன்றும் இருக்கட்டும். பொதுவான போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸில் கர்ப்பம், எச்ஐவி, எந்தச் சிகிச்சை என்ற விவரம் எதுவும் வரக்கூடாது. 'உங்கள் தவணை வந்தது' என்பது போதும், அதுவும் சுவாஹிலியில்.

இன்னொரு வழியையும் யோசியுங்கள். தான்சானியாவில் சமூக சுகாதார நிதி என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடந்து வந்தது. அதன் உறுப்பினர் பதிவுக்காக 2012-இல் உருவான மென்பொருள்தான் பின்னர் ஓப்பன்ஐமிஸ் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளாகி நேபாளம் உட்படப் பிற நாடுகளுக்கும் போனது. 2023-இல் அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் அங்கே நிறைவேறியது. எந்தத் திட்டத்தில் உங்கள் நிலையம் இருக்கிறது, ஏழைக் குடும்பத்தின் சந்தாவை வெளியார் கட்டலாமா என்று மாவட்ட மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். கட்டலாம் என்றால், என் கணிப்பில் உங்கள் பணத்துக்கு அதுவே நல்ல இடம். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலுக்கும் அது உதவும்.

எதைத் தேர்ந்தாலும் மருந்து அலமாரியை ஒரு முறை பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் மருந்து இருப்பில் இல்லை, அதை வைக்கக் குளிர்பெட்டியும் இல்லை என்றால் முதல் செலவு அங்கேதான். சேமிப்புத் திட்டமே என்று முடிவானால், அந்தப் பெண் வேறு ஊரில் பிரசவித்தாலோ கர்ப்பம் கலைந்தாலோ அவர் சேர்த்த பணம் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.