மூன்றாம் முறையும் நுழைவுத் தேர்வா?

அம்மா, உங்கள் மகள் மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள். இன்னொரு முறை எழுதட்டும், இல்லையென்றால் வீட்டை அடகு வைத்தாவது மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கிவிடலாம் என்கிறார் அவளுடைய தாய்மாமா. எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களைத் தேற்றி அனுப்ப எனக்கு மனமில்லை. இரண்டுமே வேண்டாம்.

தனியாகப் பேசியபோது அவள் மருத்துவராவது பற்றி வாயே திறக்கவில்லை. "கணையத் திட்டுகளைப் பிரித்தெடுத்தால் நரம்பு அறுந்துவிடுமே, பொருத்திய பிறகு திரும்ப வளருமா?" என்று கேட்டாள். ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டும் கேள்வி அது.

1869இல் ஜெர்மன் மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டு எழுதிய அந்தத் திட்டுகள், கணையத்தில் சிதறிக் கிடக்கும் குட்டிச் செல் கூட்டங்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு. இன்சுலின் சுரப்பவை அவைதான். நொதியால் கணையத்தைக் கரைத்து அவற்றைப் பிரிக்கும்போது இரத்தக் குழாயும் நரம்பும் அறுபடுகின்றன. 2000இல் கனடாவின் எட்மண்டன் நகர ஆய்வுக் குழு, முதல் வகை நீரிழிவுள்ள ஏழு பேருக்குக் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் வாயிற்சிரை வழியே திட்டுகளைச் செலுத்தி, இன்சுலின் ஊசி இல்லாமல் இருக்க வைத்தது. புதிய இடத்தில் இரத்தக் குழாய் சில வாரங்களில் முளைத்துவிடுகிறது. நரம்பு அவ்வளவு சுறுசுறுப்பில்லை. பெரும்பாலும் அந்தக் குழாயைப் பற்றிக்கொண்டு பின்னால் வருகிறது. அதுவும் கணையத்தின் பழைய நரம்பு இல்லை, திட்டுகள் குடியேறிய உறுப்பின் நரம்பு. கல்லீரலில் பொருத்திய திட்டுகள், சர்க்கரை தாழும்போது அதை உயர்த்தும் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சரியாகச் சுரப்பதில்லை. அதில் நரம்புக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எலியின் கண் முன்னறையில் திட்டைப் பொருத்தி, ஒளி ஊடுருவும் கருவிழிப் படலத்தின் வழியாக அதே திட்டை வாரக்கணக்கில் படமெடுப்பவர்களும் உண்டு. (இதைச் சொன்னதும் அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.)

இப்படி நரம்பைத் தேடும் ஆய்வு வேலைக்குத் திசு நுண்படவியல், அதாவது திசுவை நுண்ணோக்கியில் படமெடுக்கும் கைத்திறன் வேண்டும். உறைந்த திசுவை மைக்ரோமீட்டர் கணக்கில் சீவி, நரம்பு நொதியைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருளால் சாயமேற்றி, ஒளிரும் இழைகளைக் கணினியில் அளக்க வேண்டும். எது எந்த எலியின் திசு என்று தெரியாமலே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆசை கண்ணை மறைத்துவிடும். கண், இதயம், மருந்து ஆய்வு என எங்கும் இந்தக் கைத்திறன் செல்லுபடியாகும்.

எனவே உயிரியல் இளநிலைப் பட்டம், கூடவே புள்ளியியலும் கணினி நிரல் எழுதவும் கற்கட்டும். சேரும் முன் கல்லூரியில் ஒளிர்வு நுண்ணோக்கி இருக்கிறதா, இளநிலை மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று நேரில் கேளுங்கள். உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். முப்பது வயதை ஒட்டியும் வருமானம் குறைவாகத்தான் இருக்கும். உடனே சம்பளம் தேவைப்படும் குடும்பம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

விலங்கைக் கொன்று திசு எடுக்கும் வேலையும் இதில் உண்டு. அவளிடம் மறைக்காதீர்கள். தன்னால் முடியாது என்றால், தானமாக வந்த மனிதத் திசுவை ஆராயும் ஆய்வகங்கள் பக்கம் போகலாம்.