முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்

வாசகர் கேள்வி - பதில்

பழைய பிக்கப் வண்டியை வீட்டு வாசலிலேயே பிரித்துப் போட்டு வேலை பார்க்கிறவர்களின் கடிதங்கள் இந்த மாதம் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கிவிட்டேன்.

சார், தாத்தா தென்னந்தோப்புக்கு வைத்திருந்த வில்லீஸ் ஜீப் பிக்கப், பெட்ரோல் வண்டி, பல வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா? (பொள்ளாச்சி)

பார்க்காதீர்கள். அத்தனை வருஷம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்து, பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும். செல்ஃப் போட்டுச் சுற்றினால் ரிங் உடையலாம், சிலிண்டரின் உள்சுவர் கீறலாம். முதலில் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். உங்கள் வண்டிக்கு முன்னால் ஹேண்டில் போடும் ஓட்டை இருக்கிறது, அதுதான் இப்போது கை கொடுக்கும். பிளக் இல்லாமல், நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றப் பாருங்கள். அசையவில்லையென்றால் இன்னும் ஊறட்டும், குழாய் மாட்டி நீட்டி மிதிக்க வேண்டாம். லேசாகச் சுற்ற ஆரம்பித்ததும் ஆயில் மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பாயிண்டைச் சுத்தம் செய்து, ரேடியேட்டர் பக்கம் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பேட்டரிக்கு வரலாம். நீங்கள் வாங்கியது 12 வோல்ட்டாக இருந்து வண்டி 6 வோல்ட்டாக இருந்தால் அதற்கும் கீழே பதில் இருக்கிறது.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் கோந்தாகியிருக்கும். டேங்கைக் கழற்றி வெளியே கழுவக் கொடுங்கள். ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது, காலி டேங்க் என்றாலும் உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும். இன்ஜினைச் சோதிக்க மட்டும் ஒரு சின்ன கேனில் நல்ல பெட்ரோல் ஊற்றி பம்புக்கு டியூப் கொடுத்தால் போதும்.

ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது, தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு என்று தோன்றும், பிரச்சினை அந்த ஒரு ரவுண்டில்தான். வில்லீஸில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரை வரை இறங்கிவிடும், எந்தச் சக்கரமும் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கையும் நம்ப வேண்டாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இருக்கும் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் பிரேக் ஷூ நனைந்து வழுக்கும். ஆகவே ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட் என்று ரப்பர் எதுவாக இருந்தாலும் புதுசு. சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், குழி குழியாக இருந்தால் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை, லேத் பட்டறையில் ஸ்லீவ் போட வேண்டும் அல்லது புது சிலிண்டர்தான். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸரால் ஊதித் தள்ளும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை மூட்டை கட்டி எறியுங்கள்.

ஒன்று மறந்தேன். ஜாக்கி போட்டபடி அடியில் படுக்காதீர்கள், ஹாலோ பிளாக் கல்லை முட்டும் கொடுக்காதீர்கள், அது விரிசல் காட்டாமல் ஒரேயடியாக நொறுங்கும். ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள்.

கேபின் தரையில் துரு. கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிகிறது. ஃபைபர் ஷீட் ஒட்டி மேலே பட்டி வைத்துத் தருகிறேன் என்கிறார் டிங்கர். செய்யலாமா? (ஈரோடு)

வேண்டாம். ஃபைபருக்கு அடியில் ஈரம் தங்கி, பக்கத்தில் நன்றாக இருக்கும் தகட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். முன் கண்ணாடி ரப்பர் காய்ந்திருக்கும், அல்லது கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டை மண்ணடைத்திருக்கும். அப்புறம் ஒரு காந்தமும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பழைய பட்டி, ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகிற இடத்தில் தகடே இல்லை. சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தால் வேலை எவ்வளவு என்று அன்றைக்கே தெரிந்துவிடும், டிங்கர் சொல்லும் விலை நியாயமா என்றும் தெரியும்.

வெட்டும்போது துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டாமல், பளபளவென்று நல்ல இரும்பு வரும் வரை வெட்ட வேண்டும். தரையை வெட்டும் முன் கதவு இருக்கும் வாசலில் குறுக்கே ஒரு குழாயைத் தற்காலிகமாக வெல்ட் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேபின் லேசாக நெளிந்து, புதுத் தரை போட்டபின் கதவு சேராது. 18 கேஜ் தகடு போதும். மிக் வெல்டிங் என்றால் ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு எதிர்ப் பக்கம், கை வைக்கும் அளவு ஆறிய பிறகு மூன்றாவது. ஒரே மூச்சில் கோடு இழுத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளியும். முடித்ததும் பிரைமர், மூட்டுகளில் சீலன்ட். அடியில் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு, ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் ஷேக்கிள் புஷ் ரப்பரெல்லாம் ஊறிப் போய்விடும், அதைச் செய்யாதீர்கள்.

அண்ணா, என் ஜீப் பிக்கப்பின் பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிவிட்டு பியூஜியோ டீசல் இன்ஜின் ஏற்ற ஆசை. காயலான் கடையில் நல்ல நிலையில் ஒன்று இருக்கிறது. (தேனி)

வேலை நடக்கும். மஹிந்திராவே தன் ஜீப்புகளில் 2,112 சி.சி. பியூஜியோ எக்ஸ்டிபி டீசலைப் போட்டு விற்றதால், அதைத் தெரிந்த பழைய மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள், மவுண்ட் முதல் பெல் ஹவுசிங் வரை எது எதோடு சேரும் என்று சொல்வார்கள். ஆனால் தம்பி, நீங்கள் கேட்காத விஷயங்கள்தான் இதில் அதிகம்.

ஒன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்த நிறுவனம் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. இன்ஜின் மாற்றுவதென்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், அதிலும் நீங்கள் எரிபொருளையே மாற்றுகிறீர்கள். ஆர்.சி.யில் பெட்ரோல், பானட்டுக்கு அடியில் டீசல் என்று ஓட்டினால் எஃப்.சி.யில் நிற்கும், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, வண்டி இதனால் வேகமாகிவிடாது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஜீப்புகளில் டிஃபரன்ஷியல் ரேஷியோ பெரும்பாலும் 5.38, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 5.38 சுற்றுச் சுற்ற வேண்டும். அதாவது 16 அங்குல டயரோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றை ஒட்டிச் சுற்றுகிறது. காட்டு வழியில் மூட்டை இழுக்கப் போட்ட கணக்கு அது. இன்ஜினை மட்டும் மாற்றினால் அதே கத்தல்தான், வாசனை மட்டும் டீசல். முன்பக்க எடை கூடும், ஸ்பிரிங் பட்டை பார்க்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் இன்டேக்கிலிருந்து கிடைக்கும் வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) டீசலில் கிடைக்காது. பழைய வில்லீஸில் வைப்பர்கூட வேக்கமில் ஓடுகிறது, நீங்கள் பிரேக் பூஸ்டர் வேறு போட நினைத்தால் வேக்கம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டராகத் தேட வேண்டும்.

பெட்ரோல் இன்ஜின் இழுக்கவில்லை என்பதுதான் குறையென்றால் முதலில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பாருங்கள், பாயிண்ட் இடைவெளி, டைமிங், கார்ப்பரேட்டர், டாப்பட் எல்லாவற்றையும் சரிபாருங்கள். வில்லீஸ் ஜீப்பின் ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் 2.2 லிட்டர், எழுபத்துச் சொச்சம் குதிரைத்திறன். ஒழுங்காக இருந்தால் மலையேற அது போதும். கம்பம் மெட்டு ஏறும்போது பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கு வழி விட்டால் சரி.

ஐம்பது வருஷம் தாண்டிய பிக்கப்புக்கு அந்த "விஏ" நம்பர் பிளேட் வாங்கலாமா? (சேலம்)

2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதியைக் கேட்கிறீர்கள். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த விதி சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிகளுக்கும், ஆட்கள் போகும் எம்-1 வகை நான்கு சக்கர வண்டிகளுக்கும்தான். சரக்கு பிக்கப் என்-1 வகை. உங்கள் ஆர்.சி.யில் "கூட்ஸ் கேரியர்" என்று இருந்தால் இந்த வழி திறக்காது. தவிர, சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டியை விண்டேஜ் என்று ஏற்க மாட்டார்கள், தினசரி ஓட்டவும் முடியாது. இன்ஜின் மாற்றும் ஆசையும் விஏ பிளேட் ஆசையும் ஒரே வண்டியில் இருக்க முடியாது.

இங்கே ஹூஸ்டனில் 1970 செவ்ரோலே சி-10 வாங்கியிருக்கிறேன். 5.3 லிட்டர் எல்எஸ் இன்ஜின் (ஜி.எம்.மின் பிற்கால வி-8) ஏற்றித் தாழ்வாக இறக்கி ஓட்டத் திட்டம். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள் இருப்பதால் மனைவி ஏற மாட்டேன் என்கிறார். அங்கிருந்தே தொடங்கட்டுமா?

அவர் சொல்வதுதான் சரி, அங்கிருந்தே தொடங்குங்கள். 1967 முதல் 72 வரையிலான அந்த மாடலில் டேங்க் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான். அதைப் பின்தொட்டிக்கு அடியில், சேஸிஸின் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் மாற்றும் கிட்டுகள் உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கின்றன. எப்படியும் எல்எஸ் இன்ஜினுக்குப் பழைய டேங்க் போதாது. கார்ப்பரேட்டருக்கு ஐந்தாறு பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், இதற்கு 58 பி.எஸ்.ஐ. வேண்டும். டேங்குக்குள்ளேயே பம்ப் உள்ளதாக வாங்கினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும்.

பிரேக் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. 1970 மாடலுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம். 1971-இல்தான் முன்னால் டிஸ்க் வந்தது. மாஸ்டர் சிலிண்டர் இரட்டை லைன் என்பது ஒரு நிம்மதி, ஆனாலும் புது இன்ஜின் தரும் வேகத்துக்கு அந்த முன் டிரம் ஈடுகொடுக்காது. 71, 72 வண்டியிலிருந்து முன்பக்கம் முழுவதையும் கழற்றி மாட்டுகிறவர்கள் நிறையப் பேர், மலிவும்கூட. ஒரு சிக்கல் உண்டு. உங்களுக்கு ஒரு சக்கரத்துக்கு ஆறு நட்டு, அதற்கு ஐந்து. முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று ஆகிவிடும், ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும். பின் ஆக்ஸிலையும் சேர்த்து மாற்றுங்கள், அல்லது ஆறு நட்டுக்கே வரும் டிஸ்க் கிட் வாங்குங்கள்.

தாழ்த்துவதற்கு ஸ்பிரிங்கை டார்ச்சால் சூடுகாட்டி உட்காரவைக்காதீர்கள், அதன் உரமே போய்விடும். சி-10 பெரும்பாலும் பின்னாலும் காயில் ஸ்பிரிங்தான், குட்டையான ஸ்பிரிங் வாங்கி மாற்றினால் சேஸிஸை வெட்டவே வேண்டாம். இன்ஜின் மவுண்டுக்கும் போல்ட் போட்டு மாட்டும் தகடாகவே வாங்குங்கள். கழற்றிய பழைய இன்ஜினை விற்றுவிடாமல் கொட்டகை மூலையில் வையுங்கள், நாளைக்கு வாங்க வருகிறவர் அதைத்தான் கேட்பார். டெக்சாஸில் 25 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆன்டிக் பிளேட் உண்டு, ஆனால் அது கண்காட்சி, ஊர்வலம் மாதிரி விஷயங்களுக்கு. ஆபீஸுக்கு ஓட்டப்போகிறீர்கள் என்றால் சாதாரணப் பதிவே வைத்துக்கொள்ளுங்கள்.

6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டாக மாற்ற என்னென்ன வேண்டும்? (திண்டுக்கல்)

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், 12 வோல்ட் இக்னிஷன் காயில், எல்லா பல்புகளும், ஹாரன். பெட்ரோல் கேஜ் போன்ற பழைய மீட்டர்களுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எரிந்துவிடும். பழைய செல்ஃப் மோட்டார் 12 வோல்ட்டில் சுற்றும், இன்னும் வேகமாகவே சுற்றும், நீளமாக அழுத்திப் பிடிக்காமல் இருந்தால் தாங்கும். ஆனால் துணி சுற்றிய பழைய வயரின் மேல் இதையெல்லாம் மாட்டாதீர்கள். முழு வயரிங்கையும் புதுசாக இழுத்து, ஃபியூஸ் பாக்ஸ் வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் டேப் சுற்றி எண் எழுதிவிடுங்கள். இது கையால் செய்யும் பொறுமை வேலை, வீட்டில் செய்ய இதைவிடத் தோதான வேலை கிடையாது.

மேட் கறுப்பு அடிக்கலாமா, பழைய நிறமே அடிக்கலாமா? (மதுரை)

உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். எனக்குப் பழைய நிறம். டேஷ்போர்டுக்கு அடியிலோ கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ வெயில் படாத இடத்தில் ஒரிஜினல் பெயிண்ட் இருக்கும், அதைக் கடையில் காட்டி நிறம் கலக்கச் சொல்லுங்கள். கறுப்பு என்றால் ஆர்.சி.யில் நிறத்தையும் மாற்ற வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், காய்ந்தபடி தேய்க்காமல் வாட்டர் பேப்பர் போட்டு ஈரமாகத் தேயுங்கள், முகத்தில் மாஸ்க் இருக்கட்டும், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

எல்லாம் முடித்து விற்றால் போட்ட காசு வருமா? (திருச்சி)

பெரும்பாலும் வராது. கூலியைக் கணக்கில் எடுக்காதவர்களுக்கே கையைக் கடிக்கும், பெயிண்டும் ரப்பரும் குரோமும் சேர்ந்து நினைத்ததைவிட அதிகம் இழுக்கும். வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் பில்லையும், பிரிப்பதற்கு முன் எடுத்த போட்டோக்களையும் ஒரு ஃபைலில் வையுங்கள், விலை பேசும்போது அது உதவும். அதைவிட முக்கியம், ஆர்.சி. இன்னும் இறந்துபோன பெரியவர் பெயரிலேயே இருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்த இடத்தில் பெயிண்ட் அடியுங்கள். இது இரண்டும் சரியில்லாத வண்டிக்கு வருகிறவர்கள் பழைய இரும்பு விலைதான் கேட்பார்கள்.