"சோறு நெஞ்சிலேயே நிற்கிறது, டாக்டர்": உணவுக்குழாய் நோய்கள் பற்றிய கேள்வி பதில்

பதில் சொல்கிற நான் குடல், இரைப்பை மருத்துவன். வந்த கேள்விகளைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுங்கும்போது தடைபட்டால் அதை 'கேஸ்' என்று நினைத்துச் சோடா குடித்து நாளைக் கடத்தாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 52 வயது. இரண்டு வருடமாகச் சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. படுத்தால் சாப்பிட்டது அப்படியே வாய்க்கு வருகிறது. எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது வேறொரு டாக்டர் அகலேசியா என்கிறார், 'போயம்' செய்யலாமாம். நம்பிச் செய்யலாமா?

அம்மா சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் கெட்டியான உணவுதான் தடைபடும், தண்ணீர் தடைபடுவது கடைசியில்தான். தொடக்கம் முதலே இரண்டும் தடைபட்டால் குழாயின் அசைவில் கோளாறு இருக்கலாம். அகலேசியா அப்படிப்பட்டது. உணவுக்குழாயின் கீழ்முனையில் இருக்கும் வளையத் தசை, நாம் விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டும். அதை இயக்கும் நரம்புச் செல்கள் அழிந்துபோவதால் தசை இறுகியே கிடக்கும். ஆரம்பத்தில் எண்டோஸ்கோபியில் இது பிடிபடாமல் போவது சகஜம். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளக்கும் மனோமெட்ரிதான் உறுதியாகச் சொல்லும். அதைச் செய்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

இந்த நோய்க்கு 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் ஒரு வழி கண்டார். திமிங்கல எலும்பின் நுனியில் பஞ்சு கட்டி, உணவைக் கீழே தள்ளிவிட்டார்! 1913இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் தசையை வெளியிலிருந்து கீறிவிட்டார். அதே அறுவையை இன்று வயிற்றில் சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பில் செய்கிறோம். 2008இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே வாய் வழியாகவே எண்டோஸ்கோப்பை விட்டு, உணவுக்குழாயின் உள்தோலுக்கு அடியில் ஒரு சுரங்கம் போட்டு, தசையை மட்டும் கீறினார். அதுதான் போயம். வயிற்றில் ஒரு தழும்பும் இருக்காது.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2019இல் வந்தது. மொத்தம் 221 பேர். இரண்டு ஆண்டு கழித்து நன்றாக இருந்தவர்கள் போயத்தில் 83 சதவீதம், லேப்ராஸ்கோப்பில் 82 சதவீதம். கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் இரண்டாம் ஆண்டில் அமிலம் எதுக்களித்து உண்டான புண் போயம் செய்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு இருந்தது, மற்றவர்களில் 29 சதவீதம். ஹெல்லர் அறுவையில் இரைப்பையின் மேல்பகுதியை மடித்துத் தைத்து ஒரு தடுப்பு வைப்பார்கள், போயத்தில் அது கிடையாது. ஆகவே போயம் செய்துகொண்டால் அமிலத்தை அடக்கும் மாத்திரையும் அவ்வப்போது எண்டோஸ்கோபியும் தொடரும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அகலேசியாவில் மூன்று வகை உண்டு. அம்மாவுக்கு இருப்பது மூன்றாம் வகை, அதாவது குழாய் முழுக்கச் சுண்டி இழுக்கிற வகை என்றால் நான் யோசிக்காமல் போயம் என்பேன். எவ்வளவு நீளத்துக்கு வேண்டுமோ அவ்வளவு நீளம் கீறலாம்.

கோவையிலிருந்து: ஆறு வருடமாகத் தினமும் பான்டோப்ரசோல். இப்போது வோனோப்ரசான் என்று புதிதாக எழுதித் தருகிறார்கள். மாற வேண்டுமா?

இரண்டுமே அமிலத்தை அடக்கும் மாத்திரைகள். பான்டோப்ரசோல் வேலை செய்ய இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டிருக்க வேண்டும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போடச் சொல்கிறோம். வோனோப்ரசானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அமிலத்தை அடக்குவதும் வேகமாக, வலுவாக. ஜப்பானில் 2014இல் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புண்ணுக்கு 2023இல். உணவுக்குழாயில் கடுமையான புண் இருப்பவர்களுக்கு நிஜமாகவே கூடுதல் பலன் உண்டு. உங்களுக்குப் பழைய மாத்திரையிலேயே எரிச்சல் அடங்கியிருக்கிறது என்றால் மாற வேண்டியதில்லை. அதைவிட, ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது எண்டோஸ்கோபி பார்த்தார்களா? இந்த மாத்திரை இன்னும் தேவையா? இரண்டையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு 24 வயது. கறித்துண்டு சிக்கி இரண்டு முறை எண்டோஸ்கோபியில் எடுத்தார்கள். சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா உண்டு. மென்று தின்னவில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

திட்டாதீர்கள், அவர் மேல் தப்பில்லை. இள வயது, அலர்ஜி உடம்பு, உணவு சிக்கிக்கொள்வது இந்த மூன்றும் சேர்ந்தால் இயோசினோபில் என்ற வெள்ளையணுக்கள் உணவுக்குழாயில் குவிந்து உண்டாகும் இயோசினோபில் அழற்சி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். குழாய் பார்வைக்குச் சாதாரணமாக இருந்தாலும் பல இடங்களில் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். மைக்ராஸ்கோப்பின் ஒரு பார்வைப் புலத்தில் 15 இயோசினோபில்கள் அல்லது அதற்கு மேல் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

முன்பெல்லாம் பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீன் வகைகள் என ஆறையும் நிறுத்தச் சொல்வோம். பாவம், எதைத்தான் சாப்பிடுவார்கள்! 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஆறையும் நிறுத்திய பெரியவர்களில் 40 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கியது. பாலையும் பால் பொருள்களையும் மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் நான் பாலில்தான் தொடங்குவேன். அதற்கு அடங்காவிட்டால் அமில மாத்திரை, விழுங்குகிற ஸ்டீராய்டு உண்டு. டுபிலுமாப் ஊசிக்கு 2022இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. விலை மிக அதிகம், அதனால் மற்றதெல்லாம் முயன்ற பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

சேலத்திலிருந்து: அப்பாவுக்கு 64 வயது. உணவுக்குழாயின் நடுப்பகுதியில் ஸ்குவாமஸ் புற்றுநோய். கீமோ, ரேடியேஷன், அப்புறம் ஆபரேஷன் என்கிறார்கள். ரேடியேஷனே வேண்டாம், 'ஃப்ளாட்' கீமோ போதும் என்று படித்தேனே?

'ஃப்ளாட்' என்பது பல மருந்துகள் சேர்ந்த கூட்டுக் கீமோ. நீங்கள் படித்தது 'எசோபெக்' ஆய்வின் முடிவு, 2024இல் அறிவிக்கப்பட்டது. அது சுரப்பிச் செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா என்ற இன்னொரு வகைப் புற்றுநோய்க்கானது. அப்பாவுக்கு அது பொருந்தாது. குழாயின் உள்தோலின் தட்டைச் செல்களில் தொடங்கும் ஸ்குவாமஸ் வகைக்கு ரேடியேஷன் நன்றாகக் கேட்கும். ஐந்து வாரக் கீமோவும் 23 முறை ரேடியேஷனும் கொடுத்துப் பிறகு அறுவை செய்யும் நெதர்லாந்தின் 'கிராஸ்' முறையில் அதிகப் பலன் பெற்றவர்கள் இந்த வகையினர்தான்.

அறுவையில் எடுத்த சதையில் புற்று மிச்சமிருந்தால் ஒரு வருடம் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து கொடுக்கலாம். நோய் திரும்பாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 11 மாதத்திலிருந்து 22 மாதமாக நீண்டதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. கீமோ, ரேடியேஷனிலேயே கட்டி முழுதும் மறைந்துவிட்டால் அறுவையைத் தள்ளிவைத்து நெருக்கமாகக் கண்காணிக்கும் வழியையும் நெதர்லாந்தில் சோதித்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சொன்ன தேதியில் தவறாமல் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு மட்டுமே இது சரிப்படும்.

அப்பாவின் எடையைக் கவனியுங்கள். சாப்பாடு இறங்கவில்லை என்றால் திரவ உணவு செலுத்த ஒரு குழாய் வைப்பதற்குத் தயங்காதீர்கள். உடம்பில் தெம்பு இருந்தால்தான் சிகிச்சையைத் தாங்குவார்.

காஞ்சிபுரத்திலிருந்து: கொதிக்கக் கொதிக்கக் காபி குடிப்பது தப்பா?

ஆம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, புற்றுநோய் வரவழைக்க வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. ஆற்றிக் குடியுங்கள். புகையிலை, பாக்கு, மது இருந்தால் முதலில் அவற்றை விடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு தாய்: ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரியைப் பக்கத்து வீட்டுக் குழந்தை விழுங்கிவிட்டது. இப்படி நடந்தால் உடனே என்ன செய்வது?

ஓடுங்கள். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதை வெந்துபோகும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், விழுங்கவும் முடிந்தால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. அது புண்ணின் ஆழத்தைக் குறைக்கும் என்று 2018இல் விலங்குகளில் செய்த ஆய்வு காட்டியது. தேனைத் தேடி நேரத்தை இழக்காதீர்கள். எக்ஸ்ரே, எண்டோஸ்கோபி வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

ஈரோட்டு மகள் மறுபடியும்: மனோமெட்ரி எடுத்தாயிற்று டாக்டர், இரண்டாம் வகை என்று வந்திருக்கிறது. அம்மா பயப்படுகிறார்.

நல்ல செய்திதான் அம்மா. மூன்று வகைகளில் சிகிச்சைக்கு நன்றாக இணங்குவது இரண்டாம் வகை. பலூன் வைத்து விரிப்பது, ஹெல்லர், போயம் மூன்றுமே அவருக்குப் பொருந்தும். செய்பவரிடம் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அதுவரை அம்மாவைத் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வையுங்கள், இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடியட்டும். செய்யும் நாளுக்கு முன்பு நீர் ஆகாரம் மட்டும் கொடுக்கச் சொல்வார்கள். அதில் மட்டும் இரக்கம் பார்த்து ஒரு பிடி சோறு ஊட்டிவிடாதீர்கள். குழாயில் சோறு தங்கியிருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது நுரையீரலுக்குள் போய்விடும்.