கப்பல் ஓடவில்லை என்பது ஏஜென்ட்டுக்குச் சாக்கு ஆகாது

கேள்வி:

ஐயா, எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். என் மகன் கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு, மும்பை ஏஜென்சி மூலமாக 2019 டிசம்பரில் அமெரிக்காவில் ஓடும் சொகுசுக் கப்பலில் அசிஸ்டென்ட் வெயிட்டராகச் சேர்ந்தான். எட்டு மாத ஒப்பந்தம். கொரோனா வந்து கப்பல் நின்றதும், 2020 ஜூனில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி ஒரு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. 2021 ஆகஸ்டில் மதுரை பைபாஸ் ரோட்டில் ஆபீஸ் போட்டிருக்கும் ஒரு ஏஜென்ட், "கப்பல் எல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது, இரண்டு மாதத்தில் ஜாயினிங்" என்று சொல்லி 1,75,000 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் வாங்கினார். என் நகையை அடகு வைத்து 1,25,000 பேங்கில் போட்டேன், 50,000 கையில் கொடுத்தேன். இன்று வரை ஜாயினிங் இல்லை. கேட்டால், "கப்பல் கம்பெனியே நட்டத்தில் கிடக்கிறது, நான் என்ன செய்ய" என்கிறார். ரொம்பக் கெஞ்சிய பிறகு மகன் பேரில் முழுத் தொகைக்கும் ஒரு செக் கொடுத்தார். 2022 மார்ச் 21 தேதி போட்டது. "நான் சொல்லும்போது பேங்கில் போடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மகனுடைய பாஸ்போர்ட்டும், கப்பல் வேலைக்கான பதிவுப் புத்தகமான சி.டி.சி.யும் அவரிடமே இருக்கின்றன. பணம் திரும்ப வருமா? இவன் மறுபடி கப்பலுக்குப் போக முடியுமா?

பதில்:

அம்மா, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் செக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது 2022 மே மாதம் பாதி தாண்டிவிட்டது. செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். ஜூன் 20க்குள் வங்கியில் போடாவிட்டால் அது வெறும் காகிதம். "நான் சொல்லும்போது போடுங்கள்" என்று அவர் சொல்வதன் பொருள் அதுதான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் செக்கை பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, தேதி போன பிறகு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டுப் போட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நாளைக்கே உங்கள் மகன் தன் கணக்கில் அதைப் போடட்டும்.

பணம் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் வங்கி ஒரு சின்னச் சீட்டுத் தரும். ரிட்டர்ன் மெமோ என்பார்கள். அதைக் கிழித்துவிடாமல், செக்கோடு சேர்த்து வைத்திருங்கள். செக் திரும்பிய தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஏஜென்ட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. அதில் செக் தொகையான 1,75,000 ரூபாயைத் தெளிவாகத் தனியாகக் கேட்க வேண்டும். வட்டி, அலைச்சல் என்று எல்லாவற்றையும் அந்தத் தொகையோடு கலந்து ஒரே கணக்காகக் கேட்டுவிட்டு, பிறகு அந்த ஒரு காரணத்துக்காகவே வழக்குத் தோற்றவர்கள் உண்டு. நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் தராவிட்டால், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டும். வழக்கை உங்கள் மகனுடைய வங்கிக் கிளை இருக்கும் எல்லையில் உள்ள கோர்ட்டிலேயே போடலாம். ஏஜென்ட்டின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கவும் வழி உண்டு.

கொரோனா காலத்துக்கு உச்ச நீதிமன்றம் காலக்கெடுவில் சலுகை கொடுத்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று 2022 ஜனவரி 10ஆம் தேதி உத்தரவு வந்தது. கீழே சொல்லும் மற்ற வழக்குகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் இந்தச் செக் மார்ச்சில் எழுதியது. இதற்கு அந்தச் சலுகை ஒரு நாள்கூடக் கிடையாது.

இடையில் ஏஜென்ட் போன் பண்ணி, "செக்கைத் திருப்பிக் கொடுங்கள், கையில் காசாகத் தருகிறேன்" என்றால், காசு கணக்கில் ஏறிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, இனி அவர் சொல்லும் சாக்கைப் பார்ப்போம். கப்பல் தொழில் அடி வாங்கியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். அதில் 700 பேருக்கு மேல் நோய் வந்தது. மார்ச் 14ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. கார்னிவல் என்ற ஒரு நிறுவனம் மட்டும் அந்த ஒரு வருடத்தில் 1,000 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. நல்ல நிலையில் இருந்த கப்பல்களைக்கூட உடைக்கக் கொடுத்தார்கள். மும்பையிலிருந்து 2019இல் ஓடத் தொடங்கிய கர்னிகா என்ற சொகுசுக் கப்பல், 2020 நவம்பரில் குஜராத்தின் அலங்கு கடற்கரைக்கு உடைக்கப் போய்ச் சேர்ந்தது. 2022 ஜனவரியில்தான் சொகுசுக் கப்பல்கள் நடத்திய ஜென்டிங் ஹாங்காங் நிறுவனம் கம்பெனியையே மூட மனு போட்டது.

ஆனால் தேதியைப் பாருங்கள் அம்மா. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து மறுபடி பயணிகளோடு முதல் பெரிய கப்பல் கிளம்பியது 2021 ஜூன் 26. உங்களிடம் பணம் வாங்கியது ஆகஸ்டில். அதாவது கப்பல் ஓடத் தொடங்கியது தெரிந்து, அதைச் சொல்லியே வாங்கியிருக்கிறார். 2021 டிசம்பர் கடைசியில் ஒமைக்ரானால் யாரும் கப்பலில் போக வேண்டாம் என்று அமெரிக்கா எச்சரித்தது நிஜம். அந்த எச்சரிக்கையையும் 2022 மார்ச் 30ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். கார்னிவல் நிறுவனத்தின் ஒரு பிரிவான கார்னிவல் குரூஸ் லைன் கப்பல்கள் 2022 மே மாதம் முழுசாக ஓட்டத்துக்கு வந்துவிட்டன. ஓடுகிறது என்று சொல்லிப் பணம் வாங்கியவர், ஓடவில்லை என்று சொல்லித் திருப்பித் தர மறுக்கிறார். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

அவருடைய வக்கீல் நாளைக்கு, "கொரோனா எதிர்பாராத பேரிடர், ஒப்பந்தம் நிறைவேறாமல் போனதற்கு எங்கள் கட்சிக்காரர் பொறுப்பில்லை" என்று பதில் எழுதுவார். 2020 ஜனவரியில் வாங்கிய பணத்துக்கு அந்த வாதம் கொஞ்சம் நிற்கும். ஊரெல்லாம் இரண்டாவது அலையில் ஆக்சிஜனுக்கு அலைந்து முடித்த பிறகு, ஆகஸ்டில் வாங்கிய பணத்துக்கு நிற்காது. தெரிந்தே எடுத்த பொறுப்பு அது. அப்படியே ஒப்பந்தம் செல்லாமல் போனதாக வைத்துக்கொண்டாலும், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 65ஆம் பிரிவு சொல்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கப்பல் வேலை வாங்கித் தருவதற்கு ஆளிடம் பணம் வாங்குவதே சட்டப்படி குற்றம். உங்களிடம் பணம் வாங்கிய 2021இல் அமலில் இருந்த வணிகக் கப்பல் சட்டம் 1958, 97ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. 2015இல் இந்தியா ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. "என் மகன் மாலுமி இல்லையே, சாப்பாடு பரிமாறுகிற பையன்தானே" என்று நினைக்காதீர்கள். அந்த உடன்படிக்கைப்படி கப்பலில் எந்த வேலை செய்தாலும் அவர் கடலோடிதான். இன்ஜின் ரூமில் இருப்பவருக்கு உள்ள பாதுகாப்பு தட்டு எடுக்கிறவருக்கும் உண்டு.

"பணம் கொடுத்த நாங்களும் குற்றவாளியா?" என்ற பயம் உங்களுக்கு வரலாம். ஏஜென்ட்டும் அப்படித்தான் மிரட்டுவார். உங்கள் மேல் குற்றம் வராது. அந்தப் பிரிவு கேட்பவரையும் வாங்குபவரையும்தான் பிடிக்கிறது. வேலை தேடி வருகிறவரைக் காப்பாற்ற எழுதிய சட்டம் அது.

இங்கே ஒரு வேலை செய்யுங்கள். கப்பலுக்கு ஆள் எடுக்கிறவர் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தில் ஆர்.பி.எஸ்.எல். எனப்படும் ஆள்சேர்ப்பு உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதன் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பைபாஸ் ரோட்டு ஏஜென்ட் பெயர் அதில் இருந்தால், அந்த இயக்குநரகத்துக்கே புகார் அனுப்புங்கள். உரிமம் போய்விடும் என்றாலே பலர் இறங்கி வருவார்கள். பெயர் இல்லையென்றால், அதுதான் போலீஸ் புகாருக்கு உங்கள் முதல் ஆதாரம். சொன்னபடி வேலை தரவில்லை என்பது மட்டும் மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உரிமமும் இல்லை, எந்தக் கப்பல் கம்பெனியும் அவருக்கு ஆள் எடுக்க அதிகாரம் தரவில்லை என்றால் அந்த எண்ணம் தானாகத் தெரிந்துவிடும். பணம் வாங்கிய 2021இல் அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவில் உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். எடுக்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது.

பாஸ்போர்ட்டையும் சி.டி.சி.யையும் வைத்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. உங்கள் மகனே அதை அடமானம் வைக்க முடியாது எனும்போது, இவர் எப்படிப் பிடித்து வைக்க முடியும்? இதற்குச் செக் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு வாரம் கெடு கொடுத்துத் தனி நோட்டீஸ் அனுப்புங்கள். தரவில்லையென்றால் போலீஸ் புகாரில் அதையும் சேருங்கள். மகன் வேறு வேலைக்கு விண்ணப்பிக்க அந்த இரண்டும் கையில் வேண்டும். அதனால் எனக்கு இது பணத்துக்குச் சமமான அவசரமாகவே படுகிறது.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இது செக் வழக்கோடு சேர்ந்தே நடக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரையிலேயே போடலாம். இணையம் வழியாக வீட்டிலிருந்தும் போடலாம். பணம் போனது உங்கள் கணக்கிலிருந்து என்பதால் நீங்களே மனுதாரர் ஆகலாம். அடகு நகைக்குக் கட்டிய வட்டி ரசீது ஒவ்வொன்றையும் எடுத்து வையுங்கள். அந்த வட்டியையும் இழப்பீடாகக் கேட்க வேண்டிய இடம் இதுதான். கையில் கொடுத்த 50,000க்கு ரசீது இல்லையே என்று கலங்க வேண்டாம். முழுத் தொகைக்கும் அவரே செக் எழுதியிருக்கிறார். அதைவிட நல்ல சாட்சி என்ன வேண்டும்? அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை, "இன்னும் பதினஞ்சு நாள்" என்று சொன்னது உட்பட, அழிக்காமல் வைத்திருங்கள். போனையும் மாற்றாதீர்கள்.

வக்கீல் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உங்கள் உரிமை. மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள்.

பழைய சம்பள பாக்கி வேறு கதை. அதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. வேலை செய்த மாதத்துச் சம்பளம் உறுதியாக உங்கள் மகனுக்குச் சேர வேண்டியது. ஒப்பந்தத்தில் மீதி இருந்த இரண்டு மாதச் சொச்சத்துக்கும் சேர்த்துக் கேட்கலாமா என்றால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கப்பலே நின்ற நிலையில் அது கிடைப்பது கடினம். டிப்ஸ் வருமானத்தைக் கேட்கவே முடியாது. உள்ள பாக்கிக்கு, அனுப்பி வைத்த மும்பை ஏஜென்சியைப் பிடியுங்கள். கப்பல் முதலாளி ஒப்பந்தப்படி நடக்காமல் கடலோடிக்கு நட்டம் வந்தால் ஈடுகட்ட ஆள் எடுக்கும் ஏஜென்சி காப்பீடோ அதற்கு இணையான ஏற்பாடோ வைத்திருக்க வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் விதி. ஒப்பந்த நகல், கடைசிச் சம்பளச் சீட்டு, கப்பலிலிருந்து இறங்கிய (சைன் ஆஃப்) தேதி, இந்த மூன்றையும் இணைத்து அவர்களுக்கு எழுதி, ஒரு நகலைக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்துக்கும் அனுப்புங்கள்.

மகன் மறுபடி போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகட்டும். இரண்டு வருடம் ஆள் இல்லாமல் கிடந்த கப்பல்களுக்கு 2022இல் பழகிய கை தேவைப்படுகிறது. உரிமம் உள்ள ஏஜென்சியா என்று பட்டியலில் தேடிவிட்டே சான்றிதழ்களைக் கொடுக்கட்டும். அவன் கையிலிருந்து போக வேண்டிய செலவு பாஸ்போர்ட், சி.டி.சி., மெடிக்கல் ஆகியவற்றுக்குத்தான். விசாச் செலவுகூடக் கப்பல் கம்பெனியுடையது. வழக்கு முடியும் முன் அவனுக்கு ஜாயினிங் வந்துவிட்டால், நின்றுவிட வேண்டாம். கிளம்புவதற்கு முன் உங்கள் பேரில் ஒரு பவர் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போகட்டும். கொடுக்கல் வாங்கல் எல்லாம் உங்களுக்கு நேரில் தெரியும் என்பதால், செக் வழக்கை அவன் சார்பில் நீங்களே நடத்தலாம்.