பாராமெடிக் படிப்பு: கேட்டதும் சொன்னதும்

ஆம்புலன்ஸில் 12 வருடம் ஓடியாகிவிட்டது. கடைசி ஐந்து வருடமாகக் கல்லூரிச் சான்றிதழ் படிப்பு மாணவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு களப்பயிற்சியும் கொடுக்கிறேன். இந்தப் படிப்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: அக்கா, பாராமெடிக்கும் பாராமெடிக்கலும் ஒன்றுதானா? இ.எம்.டி. என்று வேறு சொல்கிறார்களே?

ஒன்றில்லை தம்பி. பாராமெடிக்கல் என்ற பெயரில் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் என்று மருத்துவமனைக்குள் நடக்கும் பல வேலைகளுக்கான படிப்புகள் அடங்கும். பாராமெடிக் என்பவர் நோயாளி விழுந்து கிடக்கும் இடத்துக்கே போய் சிகிச்சையைத் தொடங்குபவர். 'பாராமெடிக்கல் சான்றிதழ்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிட்டு, கடைசியில் ரத்த மாதிரி சோதிக்கும் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சேருங்கள்.

இ.எம்.டி. (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்) என்பது பாராமெடிக்குக்கு முந்தைய படி. அமெரிக்க முறையில் அதற்குச் சுமார் 150 முதல் 200 மணி நேரப் பயிற்சி. சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுப்பது), ஆக்சிஜன், ரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவது எல்லாம் அதில் வந்துவிடும். பாராமெடிக் படிப்பு ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். நரம்பில் மருந்து ஏற்றுவது, ஈசிஜி பார்த்து முடிவெடுப்பது, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது எல்லாம் இங்கேதான்.

கேள்வி: சான்றிதழ் போதுமா, பட்டமே படித்துவிடலாமா?

எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் கல்லூரிச் சான்றிதழோடு பாராமெடிக் ஆகலாம். ஆனால் 2013 முதல், அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்தான் பாராமெடிக்குகளுக்கான தேசியப் பதிவேட்டின் தேர்வை முதல்முறை எழுத முடியும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து, பதிவுக்கான படிப்பே பட்ட அளவில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் முதல், பதிவு செய்யாதவர் 'பாராமெடிக்' என்று தன்னை அழைத்துக்கொள்வதே சட்டவிரோதம். ஆகவே முதலில் நாடு, அடுத்து அங்கீகாரம், அதற்கப்புறம்தான் கல்லூரி.

கல்லூரியில் என்ன கேட்பது என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "ஒரு மாணவருக்கு மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் எத்தனை மணி நேரம்?" பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏசி வகுப்பறையும் விலை உயர்ந்த பயிற்சி பொம்மைகளும் அந்த மணி நேரத்துக்கு ஈடாகாது.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. மருந்தியல் பாடத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய பாடம்தான். ஆனால் தேவைப்படுவது பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. அட்ரினலினை எடுத்துக்கொள்வோம். பாட்டிலில் 'ஆயிரத்தில் ஒன்று' என்று இருந்தால் 1000 மில்லியில் 1 கிராம். அதாவது ஒரு மில்லியில் 1 மில்லிகிராம். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் அதே 1 மில்லிகிராம் 10 மில்லியில் கலந்திருக்கும். மருந்து ஒன்றுதான், செறிவில் பத்து மடங்கு வித்தியாசம்.

கடுமையான ஒவ்வாமையில் பெரியவருக்குப் பொதுவாக 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். இதயம் நின்றவருக்கு 1 மில்லிகிராம், நரம்பு வழியாக, மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டையும் குழப்பி, இதயம் துடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வாமை நோயாளிக்கு இதயம் நின்றவரின் அளவை நரம்பில் ஏற்றினால், நாமே அவரது இதயத்தைத் தாறுமாறாக ஓட வைத்துவிடுவோம். குழந்தை என்றால் எடையைப் பார்க்க வேண்டும். 15 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம் 0.15 மில்லிகிராம். ஆயிரத்தில் ஒன்று பாட்டிலிலிருந்து 0.15 மில்லி. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட யாருக்கும் கஷ்டமில்லை. பக்கத்தில் தாய் அழுதுகொண்டிருக்கும்போது போடுவதுதான் பாடம். தினமும் ஐந்து கணக்கு, சத்தமாகச் சொல்லிப் போட்டுப் பாருங்கள். வண்டியிலும் நாங்கள் மருந்தின் பெயரையும் அளவையும் சத்தமாகச் சொல்லித்தான் ஏற்றுவோம். கூட இருப்பவர் தவறைப் பிடிக்க அதுதான் வழி.

கேள்வி: ஈசிஜி கஷ்டமா?

நிறையப் பார்த்தால் பழகிவிடும். முதல் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: 12 லீட் ஈசிஜிக்கு உடம்பில் ஒட்டும் மின்முனைகள் 10 மட்டுமே. அந்தப் பத்திலிருந்து இயந்திரம் பன்னிரண்டு கோணங்களைக் கணக்கிட்டுத் தருகிறது. அப்புறம், சினிமாவில் நேர்க்கோடு வந்ததும் ஷாக் கொடுப்பார்களே, அதை மறந்துவிடுங்கள். நேர்க்கோட்டுக்கு ஷாக் இல்லை, நெஞ்சு அழுத்தமும் அட்ரினலினும்தான். ஒழுங்கில்லாமல் நடுங்கும் இதயத்துக்கும், நாடியே இல்லாமல் வேகமாக ஓடும் ஒருவகைத் துடிப்புக்கும்தான் ஷாக்.

கேள்வி: செய்முறைத் தேர்வில் பெரும்பாலும் எதில் ஃபெயில் ஆகிறார்கள்?

தெரியாததில் இல்லை, அவசரத்தில். என் கதையையே சொல்கிறேன். மாதிரித் தேர்வில் அறைக்குள் நுழைந்தேன், காலில் செயற்கை ரத்தத்தோடு ஒருவர் கிடந்தார், பாய்ந்து போய்க் காயத்தை அழுத்தினேன். ஆசிரியர் நிதானமாக, "அவர் பக்கத்தில் அறுந்து கிடக்கும் மின்கம்பி உன் கண்ணில் படவில்லை. இப்போது இந்த அறையில் இரண்டு நோயாளிகள்" என்றார். அந்த வயர் உண்மையிலேயே தரையில் கிடந்தது. கட்டுப்போடத் தெரிந்த எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. இடம் பாதுகாப்பானதா என்று முதலில் பார்க்காதவருக்கு மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் மார்க் கிடையாது.

கேள்வி: களப்பயிற்சியில் எங்களை எதையாவது செய்ய விடுவார்களா, ஓரமாக நிற்க வைப்பார்களா?

முதல் சில ஷிஃப்ட் பையைத் தூக்குவீர்கள், பிபி பார்ப்பீர்கள். அதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. கடைசிக் கட்டத்தில் குழுத் தலைமையே உங்களிடம் வரும். நோயாளியிடம் பேசுவது, முடிவெடுப்பது, மருத்துவமனையில் ஒப்படைப்பது எல்லாம் நீங்கள். நாங்கள் பின்னால் நின்று, தவறு நடக்கும் முன் தடுக்க மட்டும் வருவோம்.

எழுத்துத் தேர்வுகளில் எப்போதும் முதலாவதாக வரும் ஒரு மாணவர் என்னோடு வந்தார். மூச்சுத்திணறல் என்று அழைப்பு. உள்ளே போனதும் அவர் ஈசிஜி வயர்களைப் பிரிக்கத் தொடங்கினார். கட்டில் ஓரத்தில் வயதான அம்மா ஒருவர், முழங்காலில் கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அந்த அம்மா ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை பேசுகிறார்?" என்று மாணவரிடம் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வார்த்தை. அதுவும் திக்கித் திக்கி. வயரைக் கீழே வைத்துவிட்டு ஆக்சிஜனை எடுத்தார். முழு வாக்கியம் பேசுபவருக்கு நேரம் இருக்கிறது, இரண்டு வார்த்தைக்கு மேல் முடியாதவருக்கு இல்லை. மானிட்டர் அதைச் சொல்வதற்குள் கண் சொல்லிவிடும். அந்த மாணவர் இன்று என்னைவிட நன்றாகப் பார்க்கிறார் என்பது வேறு விஷயம்.

கேள்வி: வயது 38. இடுப்பு வலி உண்டு. சேரலாமா?

வயது பிரச்சினையில்லை ஐயா, சமாளித்துப் பேசுவதில் உங்கள் வயதுக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். இடுப்புதான் பிரச்சினை. குறுகலான படிக்கட்டில் ஆளைத் தூக்கி இறக்குவது தினசரி வேலை. மருத்துவரிடம் காட்டி, தூக்கலாம் என்று அவர் சொன்ன பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பெரும்பாலும் பழகிவிடும். சாப்பிடாமல் டியூட்டிக்கு வராதீர்கள். எனக்கு இன்றும் வாந்தி வாடை மட்டும் ஒத்துக்கொள்ளாது.

கேள்வி: மேடம், என் மகள் சேர ஆசைப்படுகிறாள். தினமும் சாவைப் பார்த்தால் அவள் மனசு என்ன ஆகும்?

நியாயமான கவலை அம்மா. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்புபவர்கள் பல நாடுகளில் பத்தில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் குறைவு. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பெரும்பாலும் தோற்கிற வேலை இது. படிப்பிலேயே இதை வெளிப்படையாகப் பேசும் ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஆனால் தினமும் சாவு என்பதில்லை. சர்க்கரை குறைந்தவர், குளியலறையில் வழுக்கியவர், தனிமையில் பயந்துபோனவர், இவர்கள்தான் அதிகம். மோசமான ஒரு நாளுக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வந்தால் "என்ன ஆச்சு?" என்று துருவ வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், அவளே சொல்வாள். தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: "ஆம்புலன்ஸ் டிரைவர் படிப்புக்கு ஏன் இத்தனை வருடம்?" என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு கதை. 1960களில் அமெரிக்காவின் பல ஊர்களில் நோயாளியை ஏற்றிப் போனது போலீஸ் வேனோ பிண வண்டியோதான். பிட்ஸ்பர்க்கில் 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. பெரும்பாலும் வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர் பீட்டர் சஃபாரின் வழிகாட்டலில் பல நூறு மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களோடு வண்டியில் போன மருத்துவர் நான்சி கரோலின்தான் பின்னர் அமெரிக்க அரசுக்காகப் பாராமெடிக் பாடத்திட்டத்தை உருவாக்கினார். 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்க, ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அந்த இளைஞர்களையும் முதலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

கேள்வி: வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு மாதம். இப்போதே என்ன செய்யலாம்?

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இன்றே தொடங்குங்கள். வழக்கமான மூன்று தவணையும் முடிய ஆறு மாதம் ஆகும், அது இல்லாமல் பல மருத்துவமனைகள் பயிற்சிக்கு உள்ளே விடாது. புத்தகம் இப்போது வேண்டாம். வீட்டில் இருப்பவர்களின் மூச்சை எண்ணிப் பழகுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே மூச்சு மாறிவிடும். அதனால் பல்ஸ் பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை நெஞ்சின் மேல் வையுங்கள். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். மூச்சு சீராக இல்லாவிட்டால் முழு நிமிடமும் எண்ண வேண்டும்.