அடுத்த வீட்டு ஏடு

அய்யாவுக்கு வணக்கமுங்க. நான் பெருந்துறைப் பக்கம். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பௌத்தச் சுவடிகளைத் தேடி டிஜிட்டல் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறோம். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் ஒரு மூட்டை ஏடு இருந்தது. மாட்டு வைத்தியம், சோதிடம், கொஞ்சம் சமணப் பாட்டு என்றார்கள். நமக்கு ஆகாதது என்று விட்டுவிட்டு வந்தோம். கொங்கு நாட்டில் பௌத்தச் சுவடி எங்கே கிடைக்கும்? எந்த கேமரா வாங்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

கேமரா விஷயத்தைச் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஓலைச்சுவடித் துறையிலோ கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான். மை தடவாத ஏட்டுக்கு நேராக லைட் அடித்தால் எழுத்தே தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ‘நமக்கு ஆகாதது’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். தம்பி, அதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

குண்டலகேசி பௌத்தக் காப்பியம். நூல் போய்விட்டது, 19 பாட்டுதான் மிச்சம். அந்த மிச்சம் யார் வீட்டில் இருந்தது? குண்டலகேசியை மறுக்கச் சமணர்கள் நீலகேசி எழுதினார்கள். அதற்கு உரை செய்த சமய திவாகர வாமன முனிவர், எதிராளியின் பாட்டை எடுத்துக்காட்டித்தான் வாதம் செய்கிறார். அப்படித் தப்பியவை அதில் உண்டு. மணிமேகலையை 1898இல் பதிப்பித்த உ.வே.சா. சைவர். பௌத்தரான புத்தமித்திரனின் வீரசோழியம் என்ற இலக்கண நூலை 1881இல் அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளையும் சைவர். பனையோலை இருநூறு முந்நூறு வருஷம் தாங்கினால் பெரிது. அதற்குள் யாராவது புது ஓலையில் படியெடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் பௌத்தர்கள் அருகிப்போன பிறகு அந்த ஏடுகளைப் படியெடுத்த கைகள் யாருடையவை என்று நினைக்கிறீர்கள்? ‘நமக்கு ஆகாதது’ என்று அவர்கள் சொல்லியிருந்தால் நீங்கள் தேட ஒன்றும் இருந்திருக்காது.

பெருந்துறையிலிருந்து விஜயமங்கலம் எவ்வளவு தூரம்? சந்திரபிரபா தீர்த்தங்கரர் கோயிலுக்குள் ஒரு தடவையாவது போயிருக்கிறீர்களா? பெருங்கதை என்ற சமணக் காப்பியத்தைப் பாடிய கொங்குவேளிரின் ஊர் அது. 1924இல் அந்த நூல் அச்சானபோது தலையும் இல்லை, வாலும் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

எங்கள் அட்டாலியிலும் ஒரு கட்டு இருந்தது. இரண்டு பக்கமும் மரச்சட்டம், நடுவில் கயிறு, ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் சரசுவதி பூசைக்குப் பூசை இறக்கி, தூசி தட்டி, சட்டத்தில் மஞ்சள் குங்குமம் வைத்துத் திரும்ப ஏற்றிவிடுவார். அப்பாரு இறந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போனபோது ஆத்தா முளைப்பாரியோடு அதையும் எடுத்து வந்திருந்தார். “படிக்க ஆளில்லாத ஏட்ட ஊட்டுல வெச்சிருந்தா தோசம் கண்ணு” என்றார். எனக்குப் பத்து வயசு. கயிற்றை அவிழ்த்துவிட்டுக் காவிரியில் விட்டார். காய்ந்த ஓலை முங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிந்து, வரிசையாக, வெகுதூரம் மிதந்துகொண்டே போனது. ஆத்தா கைகூப்பிக்கொண்டு நின்றார். படியில் ஒட்டிய ஒரே ஒரு ஏட்டை எடுத்து டவுசர் பைக்குள் செருகிக்கொண்டேன். பல வருஷம் கழித்து ஒருவர் படித்துச் சொன்னார்: மாடு வயிறு உப்பினால் கொடுக்கும் மருந்து. மற்ற ஏடுகளில் என்ன இருந்தது? ஒரே கட்டில் மூன்று நான்கு நூல் கலந்து கிடப்பது சாதாரணம். மேல் ஏட்டில் மாட்டு வைத்தியம் என்றால் அடி ஏடுவரை அதுதான் என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா? அப்படியே அதுதான் இருந்தாலும் என்ன? அதுவும் ஒருவர் கண் வலிக்கக் கீறிய எழுத்துதானே?

ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுக்கிற நான்கு பேர் எங்களுக்கு அந்த நாளில் வாய்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம், வேறொன்றுமில்லை.

அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள், பெரியவர்களுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஏட்டை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வரிசையைக் கலைக்காதீர்கள். முதல் ஏட்டிலிருந்து கடைசிவரை, எழுதாத ஏட்டையும் சேர்த்து, இரண்டு பக்கமும் எடுங்கள். ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.