மினுக்கிய காரா, மீட்டெடுத்த காரா? பழைய பென்ஸ் வாங்கும் முன்

கேள்வி: பொள்ளாச்சி வட்டத்தில் கோபாலபுரத்துக்கு அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். பாலக்காட்டில் பழைய கார்களை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவரிடம் 1982-ஆம் ஆண்டில் தயாரான மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி டீசல் கார் விற்பனைக்கு இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு குடும்பம் அங்கிருந்து கொண்டுவந்த கார் என்றும், முழுமையாக மீட்டெடுக்கப்பட்ட ‘வின்டேஜ்’ கார் என்றும் சொல்லி 12 லட்சம் ரூபாய் கேட்கிறார். கருநீல நிறத்தில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கிறது. ஸ்டீயரிங் வலப்புறம் இருக்கிறது. இரண்டு லட்சம் ரூபாய் முன்பணத்தை ரொக்கமாகத் தர வேண்டும் என்றும், அதைத் திருப்பித் தர முடியாது என்றும் கூறுகிறார். நீண்ட நாள் ஆசை ஐயா, வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. அதையும் மீறி ரொக்கம் கேட்பவர், பின்னால் தகராறு வந்தால் பணம் வாங்கியதற்குத் தடயம் இருக்கக் கூடாது என்று நினைக்கிறாரோ என்று ஐயப்படுவதில் தவறில்லை. காரைச் சோதித்து, காகிதங்களைப் பார்த்த பிறகு, வங்கி வழியாக ஒரு சிறு தொகையைக் கொடுத்து, ‘ஆவணங்களில் குறை இருந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது ‘வின்டேஜ்’ என்ற சொல். மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்த, பழைய வடிவம் மாறாமல் பராமரிக்கப்பட்ட வாகனமே வின்டேஜ் வாகனம். அதற்குத் தனிப் பதிவும், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண் பலகையும், 10 ஆண்டு செல்லுபடியும் உண்டு. 1982-ஆம் ஆண்டுக் கார் 2032-க்கு முன் அந்தத் தகுதியைப் பெறாது. அதுவரை மற்ற கார்களைப் போலவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே வியாபாரி சொல்லும் ‘வின்டேஜ்’ வெறும் புகழ்ச்சிச் சொல். அதற்காக விலையில் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருந்தால், 50 ஆண்டு ஆன பிறகும் வின்டேஜ் பதிவு கிடைப்பது கடினம். மீட்டெடுப்பு என்ற பெயரில் இந்தக் காருக்கு என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்பதை இதற்காகவும் அறிந்தாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது ஸ்டீயரிங்தான். வளைகுடா நாடுகளில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுவதால் அங்குள்ள கார்களுக்கு ஸ்டீயரிங் இடப்புறம் இருக்கும். அங்கிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கார் வலப்புற ஸ்டீயரிங்கோடு நிற்கிறது என்றால், ஒன்று அது வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் மாற்றப்பட்டிருக்க வேண்டும். இதற்கு விடை காரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரின் மேல்பகுதியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே சேசிஸ் எண் இருக்கும். 240 டி செடான் என்றால் அந்த எண்ணில் 123123 என்ற ஆறு இலக்கங்கள் வரும். அதை அடுத்த இலக்கம் 1 என்றால் இடப்புற ஸ்டீயரிங்கோடும், 2 என்றால் வலப்புற ஸ்டீயரிங்கோடும் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த கார். அங்கே 1 இருந்து, ஸ்டீயரிங் வலப்புறம் இருந்தால், அந்த மாற்றத்துக்குப் போக்குவரத்து அலுவலகம் தந்த அனுமதியைக் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. ஸ்டீயரிங்கை இடம் மாற்றுவது பெயின்ட் அடிப்பது போன்ற வேலை அன்று, உயிர் சம்பந்தப்பட்டது; அனுமதி இல்லையென்றால் அந்தக் காரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இன்ஜின் எண்ணையும் இதேபோலப் பார்க்க வேண்டும். 240 டி காரில் இருப்பது ஓ.எம். 616 என்ற நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதன் எண் 616912 என்று தொடங்க வேண்டும். இதே குடும்பத்து இன்ஜினைப் பஜாஜ் டெம்போ நிறுவனம், அதாவது இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்து டிராவலர் வேன்களில் பொருத்தியது. இதனால் உங்களுக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. நன்மை என்னவென்றால், இந்த இன்ஜினின் உள்ளும் புறமும் அறிந்த மெக்கானிக்குகளைப் பொள்ளாச்சியிலேயே கண்டுபிடிக்கலாம். தொல்லை என்னவென்றால், பழைய இன்ஜின் தேய்ந்ததும் வேன் இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டுப் பதிவுச் சான்றில் எண்ணை மாற்றாமல் விட்ட கார்களும் உண்டு. சான்றில் உள்ள எண்ணும் இன்ஜினில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் இடமாற்றத்தின்போது ஆய்வாளர் காரை நிறுத்திவிடுவார். காப்பீட்டு நிறுவனமும் இழப்பீட்டை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

இனி அந்தப் பளபளப்புக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருக்காக, கொல்லங்கோடு பக்கம் இதே வகைக் கார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை. ஓட்டுநர் காலடியில் இருந்த தரைவிரிப்பைத் தூக்கினால், அதன் அடியில் சாக்குத்துணி ஈரமாக இருந்தது. அதையும் விலக்கியபோது தார் பூசிய தகரத்துண்டு ஒன்று ரிவிட் அடித்து வைக்கப்பட்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் அப்பளம் போல நொறுங்கி, ஓட்டை வழியே தரை தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் பழைய காரையும் வெளிப்புறத்திலிருந்து நான் பார்ப்பதில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கதவுகளுக்குக் கீழே, ஜாக்கி மாட்டுவதற்காக உள்ள துளைகளின் ரப்பர் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். துரு முதலில் தின்னும் இடங்களில் அது ஒன்று. முன் சக்கர வளைவின் பின்பகுதி, முகப்பு விளக்கைச் சுற்றியுள்ள தகடு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரியின் அடித்தட்டு ஆகியவையும் அப்படித்தான். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுகளின் அடிப்பகுதியில் நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் இழுக்கும். கனமாகப் பட்டி பார்த்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவமழையில் பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்ற காரின் துருவை, புதுப் பெயின்ட் ஓராண்டோ ஈராண்டோ மறைக்கும், அவ்வளவுதான்.

உண்மையில் மீட்டெடுத்தவரிடம் அதற்கான சான்றுகள் இருக்கும். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடாக நின்ற நிலையில் எடுத்த படங்கள், வெட்டி ஒட்டிய தகடுகளின் படங்கள், உதிரிப்பாக ரசீதுகள், டிங்கரிங் கூலிக் கணக்கு ஆகியவற்றை அவர் பெருமையோடு எடுத்துக் காட்டுவார். ஒரு படம்கூட இல்லை, ஒரு ரசீதுகூட இல்லை என்றால், அது மினுக்கிய கார். விலையும் அதற்கேற்றபடி இறங்க வேண்டும். இத்தகைய கார்களுக்கு நிலையான சந்தை விலை கிடையாது. 1976 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 27 லட்சம் கார்கள், 240 டி அடங்கிய இந்த 123 வரிசையில் தயாராயின. எனவே, அரிதான கார் என்று சொல்லி அவசரப்படுத்தினால் அதை நம்ப வேண்டாம்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், உங்கள் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். இந்தக் காரில் சாவியைத் திருப்பியதும் இன்ஜினை நிறுத்துவது வெற்றிட அமைப்பு. சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது என்று பொருள். பெரும்பாலும் சிறு செலவில் சரியாகும் கோளாறுதான், ஆனால் ‘முழுமையாக மீட்டெடுத்தோம்’ என்பவர் அதை விட்டு வைத்திருக்க மாட்டார். ஏறத்தாழ 1,400 கிலோ எடையை 72 குதிரைத்திறனில் இழுக்கும் கார் இது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை நிதானமாகத்தான் ஏறும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஏற்றத்தில் வெப்பமானி முள் மேலேறிக்கொண்டே போனால் மட்டும் யோசியுங்கள்.

காகிதங்களில், வெளிநாட்டிலிருந்து வந்தபோது சுங்கவரி செலுத்தியதற்கான ஆவணமும் பழைய ஆர்.சி. புத்தகமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பூட்டான் வழியாக முறைகேடாகக் கொண்டுவரப்பட்ட சொகுசுக் கார்களைத் தேடிக் கொச்சிச் சுங்கத்துறையினர் 2025 செப்டம்பரில் கேரளம் முழுவதும் சோதனை நடத்திப் பல வாகனங்களைப் பறிமுதல் செய்தார்கள். அது புதிய கார்களைப் பற்றிய விவகாரமாகத் தோன்றினாலும், இறக்குமதிக் காரின் பூர்வீகம் கேட்கப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் அப்போது காரை வைத்திருப்பவர்தான் என்பதை மறக்கக் கூடாது.

பதிவின் செல்லுபடி முடிந்திருந்தால், அதைப் புதுப்பித்துத் தருவது விற்பவரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2025 ஆகஸ்டு அறிவிக்கையின்படி 20 ஆண்டுகள் கடந்த சாதாரணக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய்; இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய். பிறகு பாலக்காட்டுப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். அந்த விண்ணப்பத்தில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தடத்தை ஒட்டுவார்கள். அபராதமோ வரியோ நிலுவையில் இருந்தால் சான்று வராது. கடன் குறிப்பு இருந்தால் அதையும் நீக்க வேண்டும். வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, பொள்ளாச்சி அலுவலகத்தில் வாழ்நாள் வரி செலுத்தித் தமிழ்நாட்டு எண் பெற வேண்டும். அந்த வரி எவ்வளவு என்பதை முன்கூட்டியே அங்கு கேட்டறிந்து, 12 லட்சத்தோடு கூட்டிப் பாருங்கள். ஒப்பந்தம் மலையாளத்தில் இருந்தால், பேசத் தெரியும் என்ற துணிவில் கையெழுத்திடாமல், படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வாங்கிய பிறகு அவர் சொன்னது பொய் என்று தெரிந்தால் நான் பாலக்காட்டு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. ஆகவே நீங்கள் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அது மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள் வரும். 12 லட்சம் ரூபாய்க்கான புகாருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

ஆனால் இந்த வழி, பழைய கார் விற்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு எதிராக மட்டுமே செல்லும். தன் வீட்டுக் காரை ஒருமுறை விற்கும் தனிநபர் மீது உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடுக்க முடியும். வியாபாரிகள் சிலர் இதைத் தெரிந்துகொண்டு, பணத்தை நேரடியாகப் பழைய உரிமையாளர் கணக்கில் போடச் சொல்லித் தாங்கள் வெறும் தரகர் என்று ஒதுங்கிக்கொள்வார்கள். 2023 ஏப்ரல் முதல், பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அதைக் காட்டச் சொல்லி, அதில் உள்ள பெயரிலேயே ரசீது வாங்குங்கள். அந்த ரசீதில் தயாரிப்பு ஆண்டு, சேசிஸ் எண், இன்ஜின் எண், ‘தொழிற்சாலையில் பொருத்திய இன்ஜின்’, ‘ஸ்டீயரிங் மாற்றப்படவில்லை’ என்ற விவரங்கள் எழுத்தில் இருக்கட்டும். ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒரு வரியை மட்டும் எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். தெரிந்தே சொன்ன பொய்யை அந்த வரி காப்பாற்றாது என்றாலும், பொய் சொன்னார் என்பதை நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் பக்கம் சினிமா படப்பிடிப்பு நிறைய நடக்கிறது. படப்பிடிப்புக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விட்டுப் போட்ட பணத்தில் கொஞ்சம் எடுக்கலாமா?

பதில்: சொந்த உபயோகத்துக்கான பதிவில் உள்ள காரை வாடகைக்கு ஓட்டுவது விதிமீறல். அப்படி ஓடும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். நாளைக்கு வின்டேஜ் பதிவு பெற்றாலும் அதில் வணிகப் பயன்பாட்டுக்கு இடமில்லை. வாடகை வருமானத்தைக் கணக்கில் வைத்து இந்த விலையைக் கொடுப்பதாக இருந்தால் அந்தக் கணக்கை இப்போதே அழித்துவிடுங்கள். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரைச் சட்டம் பொதுவாக நுகர்வோராகக் கருதுவதில்லை என்பதால், வாடகைக்காக வாங்குகிறேன் என்று வியாபாரிக்கு நீங்கள் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தியே கோவை ஆணையத்தில் உங்கள் புகாருக்கு எதிராக அவர் காட்டும் சான்றாகிவிடும்.